ஆறாவது நாடு

ஐந்து சமஸ்தானங்கள் ஒரு கூட்டணி வைத்திருந்தன. ஒன்றின்மேல் படை வந்தால் மற்ற நான்கும் ஓடிவரும். அதில் சேர, குறுமலை என்ற சின்ன நாடு வருஷக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

இந்த முறை கூட்டணியின் தளவாய் வெங்களப்பர் குறுமலைத் தூதரிடம் புது நிபந்தனை போட்டார். "யார் உதவியும் இல்லாமல் எந்தப் படையையும் எதிர்த்து நிற்போம் என்று நிரூபியுங்கள். அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம்."

ஐந்து ராஜாக்களும் தலையாட்டினார்கள். 

தூதருடைய பல்லக்குத் தூக்கி காடையன் வாசலிலிருந்தே கும்பிட்டான். "நிரூபிச்சுடறோம், சாமி. உங்கள்ல தனியா நிக்கிற ராஜா யாருன்னு காட்டுங்க. அவர்கிட்டயே கத்துக்குவோம்."

தளவாய் சிரித்தபடி ராஜாக்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொருவரும் பக்கத்து ராஜாவைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பும் நின்றது.

"கணவாய்ச் சண்டையில உங்களுக்காகச் செத்த எங்க ஆளுங்களும் தனியா நிக்கலீங்க. உங்க ஆளுங்க பக்கத்துலதான் நின்னாங்க. செத்தவங்கள்ல என் தம்பியும் ஒருத்தன்" என்றான் காடையன்.

ராஜாக்கள் தலைகுனிந்தார்கள். தளவாய் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"உன் தம்பி பேரென்ன?"

"மூக்கன், சாமி."

கணவாயில் அவன் விழுந்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய பெயர். காடையன் முகத்தைப் பார்க்க முடியாமல் தளவாய் சபைப் பக்கம் திரும்பி, "குறுமலை இனி நம்மோடு" என்றார்.