இரண்டு முழ நிலம்

கேளுங்கள். நிலத்தைக் கோலால் அளந்து, கல்லால் பிரித்து, ராஜாவின் பெயரைச் சொல்லி உழுத காலம் அது.

நெட்டேரி என்ற ஊரில் சிந்தாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இறந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு கத்தரித் தோட்டம், ஒரு கிணறு. அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

கிழக்கே அடுத்த நிலம் கொற்றப்பனுடையது. அவனுக்கு மாடு நிறைய, ஆள் நிறைய, வாய் அதைவிட நிறைய.

தாய்வீட்டுக்குப் போயிருந்த சிந்தாயி ஒரு காலையில் திரும்பி வந்தாள். பனைமரத்துக்கு நேரே நின்ற எல்லைக்கல் பத்து முழம் மேற்கே வந்து, கிணற்றையும் தாண்டி நின்றது. கிணற்றைச் சுற்றி முள்வேலி. வேலிக்குள்ளே கொற்றப்பன் சாவகாசமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"கல் நிற்கிற இடம்தானே எல்லை, மதினி? வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால், அத்துமீறி வந்தாள் என்று நான்தான் வழக்குப் போடணும்" என்றான்.

அவள் தம்பி ஓடி வந்தான். நாலு ஆள், ஒரு கடப்பாரை, அரை நாழிகை போதும், கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்றான். சிந்தாயி வேண்டாம் என்றாள். பயமா என்று கேட்டான். பயம்தான். ஆனால் அவன் நினைத்த பயம் இல்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன், ஊரே தேர் பார்க்கப் போயிருந்த ஒரு பகலில், அவள் புருஷன் இதே கல்லைக் கிழக்கே இரண்டு முழம் நகர்த்தினான். மண் குழைத்துக் கொண்டுவந்து கல்லைச் சுற்றி அணைத்தவள் சிந்தாயி. கொற்றப்பனின் அப்பா கவனிக்கவே இல்லை. கிணறு வெட்டியது அதற்குப் பிறகு. ஆதி எல்லைப்படி பார்த்தால் கிணறு யார் பக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அளந்து பார்க்க ஒரு நாளும் துணிவு வந்ததில்லை.

ஆளாளுக்குக் கையால் நகர்த்தினால் அந்தக் கல் எங்கேயும் நிலைக்காது என்பது மட்டும் தெரிந்தது. அதனால் ராஜாவின் நீதி மண்டபத்துக்குப் போனாள்.

முதல் நாள் கொற்றப்பன் பேசினான். கிணறு வெட்டியது அவள் புருஷன்தான், இடம் எங்களுடையது, அப்பா இரக்கப்பட்டு விட்டுவைத்தார், கல் ஒரு விரல்கூட அசையவில்லை என்றான்.

இரண்டாம் நாள் ஊர்க்காரர்களை அழைத்தார்கள். எல்லோரும் உழவுக்குக் கொற்றப்பனின் மாட்டை நம்பியவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் தரையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் வருவதற்குள் செடிகள் தலை தொங்கிவிட்டன. பிள்ளைகள் குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் போதவில்லை. சின்னவள், நாளைக்கு நம்ம கிணறு வந்துவிடுமா என்று கேட்டாள். சிந்தாயி அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

மறுநாள் நடுவர் அவளை முன்னால் வரச் சொன்னார். "அம்மா, கல் பனைக்கு நேரே நின்றது என்கிறாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆதியில் நட்ட இடம் அதுதானா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொல்ல வாய் திறந்தாள். கிணறு கண்ணில் வந்து நின்றது. மறுபடி திறந்தாள், பிள்ளைகள் வந்து நின்றார்கள். மூன்றாம் முறை திறந்தபோது, அன்றைக்குக் குழைத்த மண் இன்னும் கையில் ஈரமாக ஒட்டியிருப்பதுபோல இருந்தது.

"இல்லைங்க ஐயா. அதற்கும் மேற்கே இரண்டு முழம். நாங்கள்தான் நகர்த்தினோம். நான் மண் சுமந்தேன்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். கொற்றப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "திருடி தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். இனி என்ன விசாரணை?"

நடுவர் சிரிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துவரச் சொல்லி, எல்லோரையும் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே நின்றுதான் சொன்னார். ராஜாவின் அளவுகாரர்கள் எல்லைக்கல் நடும்போது, குழிக்கு அடியில் இன்னொரு முழம் தோண்டி உமிக்கரி கொட்டி மூடுவார்களாம். ஊரில் யாருக்கும் அதைச் சொல்வதில்லையாம். கல்லைத் திருடுகிறவன் கல்லைத்தானே தூக்குவான்!

கொற்றப்பனின் கல்லுக்கு அடியில் தோண்டினார்கள். செம்மண். பனைக்கு நேரே தோண்டினார்கள். செம்மண். அதற்கு மேற்கே இரண்டு முழத்தில் தோண்டினார்கள். மண்வெட்டி கறுப்பாக மேலே வந்தது.

கொற்றப்பன் சிரிப்பை நிறுத்தினான். சிந்தாயியின் கண் மட்டும் கிணற்றின் மேலேயே இருந்தது. அது யார் பக்கம்?

கயிற்றைப் பிடித்து அளந்தார்கள். கிணற்றின் விளிம்பு எல்லைக்கு மேற்கே ஒரு முழத்தில் இருந்தது. ஒரே ஒரு முழம். கிணறு சிந்தாயி பக்கம்தான்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். கொற்றப்பன் தன் கையால் வேலியைப் பிரிக்க வேண்டும், கரி கிடைத்த இடத்துக்குத் தன் தோளில் கல்லைச் சுமந்து வர வேண்டும், இனி அவள் அனுமதி இல்லாமல் கல்லுக்கு மேற்கே கால் வைக்கக் கூடாது. சிந்தாயி ஊரார் பார்க்க மண் குழைத்துக் கல்லை அணைக்க வேண்டும். அந்த இரண்டு முழம் கொற்றப்பனுக்கு.

"பொய் சொன்னவனுக்குமா நிலம், ஐயா?" என்று தம்பி கேட்டான்.

"அவன் திருடினான் என்பதற்காக அவனுடையது அவனுக்கு இல்லாமல் போய்விடாது" என்றார் நடுவர்.

அந்த இரண்டு முழத்தில்தான் தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கும் கத்தரி வரிசை இருந்தது. சிந்தாயி ஒரு காயைக்கூடப் பறிக்கவில்லை. அன்று மாலை பிள்ளைகளோடு நீர் இறைத்து, கல் வரைக்கும் பாய்ச்சி, மடையை அடைத்தாள். அன்றைக்குத்தான், பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக, அந்தக் கல்லின் மேல் கையை ஊன்றி நின்று இளைப்பாறினாள்.

தன் நிலத்தைக் கேட்டு நீதியிடம் போகிறவர், பிறர் நிலத்தை மடியில் மறைத்துக்கொண்டு போகக் கூடாது.