எந்தத் தோட்டா போதும்?

மலையில் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம். வெள்ளியோடை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் சலோமி ஒருவரே டீச்சர். ஆட்களைத் தாக்கும் மிருகம் ஏதாவது தேயிலைக்குள் இறங்கிவிட்டால் அதைச் சுடுவதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துப்பாக்கி அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. பழக்கமும் அப்படியே.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒருவர் வாசலில் வந்து நின்றார். டீச்சரைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். முதுகு வளையாத உடம்பு. தோளில் ஒரு மெல்லிய ரைஃபிள்.

"என் பேர் தாண்டவராயன். பட்டாளத்துல சுபேதாரா இருந்தேன். ஏகாம்பரத்துக்கு மாமனார்."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை மேசையில் வைத்தார். ஏகாம்பரம் எஸ்டேட்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்தவர். போன மாதம் ஏலக்காட்டுப் பாதையில் ஒற்றைக் காட்டெருமை ஒன்று அவரைக் குத்தித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"உங்க பொண்ணு கோமளா எப்படி இருக்கா?"

"இருக்கா. யாரோடவும் பேசறதில்ல."



"அந்த மாட்டை நான்தான் சுடணும், டீச்சர். நீங்க எனக்குக் கத்துக்குடுக்கணும்."

"சுடறதுக்கு உங்களுக்குத் தெரியுமே."

"மனுஷங்களைச் சுட்டிருக்கேன். காட்டெருமையைச் சுட்டதில்ல."

சுபேதார் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேசையில் நிறுத்தி வைத்தார். சுண்டு விரலைவிடச் சற்றே நீளம். ஒல்லியாக, அழகாக இருந்தது.

"ஆறரை மில்லிமீட்டர். இருபது வருஷமா இதுதான் என் கையில. ரெஜிமென்ட் துப்பாக்கிப் போட்டியில கோப்பை வாங்கினதும் இதுலதான். இது போதுமா?"

"எதுக்கு?"

"காட்டெருமைக்கு."

டீச்சர் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தார்.

"கலெக்டர் உத்தரவு இன்னும் வரல. அதுவரைக்கும் அதைச் சுட முடியாது. நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வருவோம். உங்க ரைஃபிளை எடுத்துக்குங்க. தோட்டா வேண்டாம்."

"வெறும் துப்பாக்கியைத் தூக்கிட்டு எதுக்கு?"

"குறி பார்க்க."

*

மறுநாள் விடியும்போது மூன்று பேர் கிளம்பினார்கள். முன்னால் வாட்சர் மாதன், தடம் பார்த்துக்கொண்டு. நடுவில் சுபேதார். பின்னால் டீச்சர். ஆபத்துக்கென்று டீச்சர் தன்னுடைய ரைஃபிளில் மட்டும் தோட்டா போட்டிருந்தார்.

ஓடைக்கு அக்கரையில் அதைப் பார்த்தார்கள். கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. பின்புறம் காட்டி நின்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. வலது முன்னங்காலை லேசாகத்தான் ஊன்றியது.

"இப்பவா?" என்றார் டீச்சர், மூச்சுச் சத்தத்தில்.

சுபேதார் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தார். குழல் அசையவே இல்லை. அப்புறம் இறக்கினார்.

"இல்ல. தோள் தெரியல."

உச்சி வேளையில் உண்ணிச் செடிப் புதருக்குள் அது படுத்திருந்தது. நெற்றியும் கொம்பும் திமிலும் மட்டும் வெளியே தெரிந்தன.

"இப்பவா?"

"இல்ல."

பிற்பகலில் பாதையோரமாக இறங்கியது. மூங்கில் கும்பலுக்குப் பின்னால் நின்று இவர்கள் பக்கமாகவே திரும்பிப் பார்த்தது. இருபது முப்பது தப்படிதான் இருக்கும். சுபேதாரின் விரல் விசையில் இருந்தது.

"இப்பவா?"

அவர் விரலை விசையிலிருந்து எடுத்தார். அது மூக்கை நீட்டி ஒரு தடவை சீறிவிட்டு மூங்கிலுக்குள் போய்விட்டது.

வெயில் சாயும்போது புல்மேட்டுக்கு வந்து, பக்கவாட்டாக, படத்தில் வரைந்ததுபோல் நின்றது. காற்று இவர்கள் முகத்தில் அடித்தது.

"இப்ப," என்று சுபேதாரே சொன்னார். விசையை அழுத்தினார். வெறும் துப்பாக்கி க்ளிக் என்றது. மாடு தலையைத் தூக்கியது, பார்த்தது, மெதுவாகக் காட்டுக்குள் இறங்கியது.

"விழுந்திருக்கும்," என்றார் சுபேதார். "தோளுக்குப் பின்னால, ஒரு சாண் கீழ. கண்டிப்பா விழுந்திருக்கும்."

"இருக்கலாம்."

"இருக்கலாமா?"

டீச்சர் தன் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"ஏகாம்பரம் பாதையில வந்தப்ப அது எப்படி நின்னிருக்கும், ஐயா?"

சுபேதார் திரும்பி ஏலக்காட்டுப் பாதை இருந்த பக்கம் பார்த்தார்.

*

மறுநாள் காலையில் அவர் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டார்.

"எப்படி நின்னாலும் விழணும். அதானே சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மேனேஜர் பங்களாவுல ஒரு இரட்டைக்குழல் இருக்காம். யானைக்கு வாங்கினதாம். அதை எடுத்துக்கறேன். அதைவிடப் பெரிய தோட்டா இந்த மலையில கிடையாது."

"சுட்டுப் பாருங்களேன்," என்றார் டீச்சர்.

சாயங்காலம் பங்களாவுக்குப் பின்னால், மண் சரிவின் அடியில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்தார்கள். இரட்டைக்குழலின் தோட்டா கட்டைவிரல் தடிமன் இருந்தது. சுபேதார் சுட்டார். மலை அதிர்ந்தது. அவர் ஓரடி பின்னால் வந்தார். டின் நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னொண்ணு," என்றார்.

இரண்டாவதும் சரிவில்தான் பட்டது. டீச்சர் டின்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடறீங்க, ஐயா."

"மூடல."

"குடுங்க. நான் போட்டுத் தர்றேன்."

டீச்சர் திரும்பி நின்று துப்பாக்கியைத் திறந்து, மூடி, அவரிடம் கொடுத்தார். சுபேதார் தோளில் வைத்துக் குறி பார்த்து விசையை இழுத்தார்.

வெடிக்கவில்லை. ஆனால் குழல் தானாகவே கீழே குனிந்தது. தோள் பின்னுக்கு இழுத்தது. தன் கண் இறுக மூடியிருந்ததை அது திறந்தபோதுதான் அவர் அறிந்தார்.

துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது சுட்டுப்போட்ட வெறுங்கூடு.

"புதுசா சேர்ற ரெக்ரூட்டுங்களுக்கு நானே இதைச் செஞ்சிருக்கேன்," என்றார்.

"எனக்கும் அப்பா இதைச் செஞ்சிருக்கார்," என்றார் டீச்சர். சிரிக்கவில்லை.

சுபேதார் இரட்டைக்குழலைத் துடைத்து உறையில் போட்டார். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"சின்னது போதாது. பெரியதை என்னால தாங்க முடியல. நீங்க எதால சுடறீங்க?"

டீச்சர் தன் ரைஃபிளை நீட்டினார். த்ரீ செவன்ட்டிஃபைவ் என்று சொல்லும் வகை. தோட்டா சுபேதாருடையதைவிட நன்றாகவே தடித்தது, இரட்டைக்குழலுடையதைவிட ஒல்லி. குண்டின் மேல் முனைவரை கெட்டி உறை; எலும்பில் பட்டாலும் சிதறாது.

"இதுவும் உதைக்கும்," என்றார்.

"உதைக்கட்டும்."

அன்றைக்கு ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் அதே சரிவு, அதே டின். நின்று சுட்டார், முட்டி போட்டுச் சுட்டார், மேட்டில் ஓடி வந்து மூச்சு வாங்க வாங்கச் சுட்டார். தோள் நீலம் பாரித்தது. அதன்மேல் துண்டை மடித்து வைத்துக்கொண்டு சுட்டார். டீச்சர் எப்போதாவது வெறுங்கூட்டைப் போட்டுக் கொடுப்பார். முதல் சில நாள் குழல் குனிந்தது. பிறகு குனியவில்லை.

எஸ்டேட்டில் சிலர் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரர், போயும் போயும் பள்ளிக்கூட டீச்சரிடம் துப்பாக்கி படிக்கிறார் என்று. சுபேதார் காதில் அது விழுந்தது. மறுநாளும் போனார்.

ஒரு நாள் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது கோமளா தோளைப் பார்த்துவிட்டாள். வெந்நீர் கொண்டு வந்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பல நாளைக்கு அப்புறம் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அரைகுறையா சுட்டுட்டு வந்துடாதீங்க. அந்தப் பாதையில இன்னும் எல்லாரும் நடந்து போறாங்க."

"மாட்டேம்மா," என்றார்.

*

உத்தரவு வந்தது. வந்த மறுநாள் நல்ல மூடுபனி. சுபேதார் டீச்சரின் ரைஃபிளை எடுத்துக்கொண்டார். டீச்சர் அதே அளவில் அப்பா விட்டுப்போன இன்னொரு பழைய ரைஃபிளை எடுத்துக்கொண்டார்.

"நான் பின்னால நிப்பேன்," என்றார் டீச்சர். "நீங்க சுடற வரைக்கும் சுட மாட்டேன்."

ஏலக்காட்டுக்குள் ஈரத் தடம் தெளிவாக இருந்தது. மாதன் சட்டென்று நின்று கையைக் காட்டினார்.

பனிக்குள் கருப்பாக எதுவோ அசைந்தது. அது இவர்களுக்கு முன்பே இவர்களைப் பார்த்துவிட்டிருந்தது. நேராகவும் இல்லை, பக்கவாட்டாகவும் இல்லை. முகம் இந்தப் பக்கம், உடம்பு சரிவாக அந்தப் பக்கம். தோளின் முன்பாதியை ஒரு மரம் மறைத்தது. தலை தாழ்ந்தது.

இந்தத் தடவை டீச்சர் எதுவும் கேட்கவில்லை.

அது மரத்தை விட்டு வெளியே வந்த கணத்தில் சுபேதார் சுட்டார். கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தில் பட்டது. மாடு முன்னங்கால் மடிந்து விழுந்தது. மறுபடி எழுந்தது. அதற்குள் அடுத்த தோட்டாவை ஏற்றி மறுபடி சுட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. மூச்சு ஒரு முறை நீளமாக வெளியே வந்தது. அவ்வளவுதான்.

சுபேதார் இன்னொரு தோட்டாவை ஏற்றிக்கொண்டு, அது அசையாமல் கிடப்பதைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். மருமகனைக் கொன்ற மிருகம். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை.

தோலை உரிக்க மாதன் கத்தியோடு உட்கார்ந்தார். வலது தோளைக் கீறியதும் கெட்ட நாற்றம் வந்தது. உள்ளே ஒரு தேங்காய் அளவுக்குச் சீழ் கட்டியிருந்தது. மாதன் விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்து டீச்சர் கையில் வைத்தார். டீச்சர் அதை ஓடைக்கு எடுத்துப் போய்க் கழுவிக்கொண்டு வந்து சுபேதாரிடம் கொடுத்தார்.

ஒரு குண்டு. முனை தோள்பட்டை எலும்பில் மோதிச் சிதறியிருந்தது. அடிப்பாகம் மட்டும் முழுசாக இருந்தது. சுபேதார் அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். அளவு சொல்ல அவருக்குக் கருவி தேவைப்படவில்லை.

"ஆறரை," என்றார்.

"ம்."

"யாரு?"

"தெரியாது. போன சீசன்ல வேட்டைக்கு வந்த யாராவது இருக்கும்."

"அடிபட்டதைப் பின்னாலயே போய்த் தேடலையா?"

"தேடியிருந்தா இன்னைக்கு நாம வந்திருக்க வேண்டாம்."

சுபேதார் முட்டி போட்டு, தோளில் அந்தப் பழைய துளை இருந்த இடத்தைக் கையால் தடவினார். ரோமம் உதிர்ந்து தழும்பாகியிருந்தது. பக்கவாட்டாக நிற்கும்போது சுட்டது. தோளுக்குப் பின்னால், ஒரு சாண் கீழே பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். அழுத்தும் நேரத்தில் மாடு ஓரடி நகர்ந்திருக்க வேண்டும். எலும்பின் ஓரத்தில் பட்டிருந்தது.

"நல்லாத் தெரிஞ்சவன்தான் சுட்டிருக்கான்," என்றார். "நானும் அங்கதான் சுட்டிருப்பேன்."

மாதன் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

*

அதற்கு அடுத்த மாதம் டீச்சருக்குக் மலைக்குக் கீழே சமவெளிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலானது. இனிமேல் மிருகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மேனேஜர் கேட்டார். டீச்சர் சுபேதாரின் பெயரைச் சொன்னார். ரைஃபிளையும் முறைப்படி அவர் லைசென்ஸுக்கே மாற்றிக் கொடுத்தார்.

கிளம்பும் நாளில் சுபேதார் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கொடுத்தார். கோமளாவும் வந்திருந்தாள். வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். டீச்சர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

சுபேதார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்பதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒரு நாள் மழையா இருக்கும். இல்ல, என் கையே நடுங்கும். மிருகமும் கோணலா நிக்கும். அன்னைக்கு இந்தத் தோட்டாவும் போதாம இருந்தா, எதால சுடறது?"

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். டீச்சர் ஜன்னல் வழியாகக் குனிந்து, இஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னார்:

"சுடாம திரும்பி வந்துடுங்க, ஐயா. வந்து, பாதையை மூடச் சொல்லிட்டு, போதலன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க."