செத்த பாத்திக்கு ஒரு பலகை

பேராசிரியர் ஜெபநேசனுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மரகதவல்லிக்கு நாற்பத்தைந்து. அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்கு வாத்தியார் என்று குழம்பும்.

கடலோரச் சேற்றில் அலையாத்தி நாற்று நட்டுக் காடு வளர்ப்பது அவளுடைய ஆய்வு. மேட்டுச் சேற்றில் ஒரு பாத்தி வைத்தாள். தாழ்ந்த சேற்றில் ஒரு பாத்தி. மேட்டுப் பாத்தி தளதளவென்று வந்தது. அதன் முன்னால் தன் பெயர் எழுதிய பலகையை நட்டு, படம் எடுத்து முகநூலில் போட்டாள். லைக் குவிந்தது. கல்லூரி முதல்வர்கூட கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டார்.

தாழ்ந்த பாத்தியில் ஒரு நாற்றுகூடப் பிழைக்கவில்லை. அதை அவள் படம் எடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டிலும் சேர்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, நஸீமா என்ற வேறொரு கல்லூரி ஆய்வாளரிடமிருந்து செய்தி வந்தது.

‘அக்கா, உங்க பதிவுகளைப் பார்த்து நாங்களும் நடப்போறோம். எங்க பக்கம் முழுக்கத் தாழ்ந்த சேறுதான். வர்ற வாரம் நடவு. எதையாவது கவனிக்கணுமா?’

மரகதவல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியைப் பாதியிலேயே வைத்தாள். அப்படியே கை கழுவிவிட்டு ஜெபநேசனிடம் போய் நின்றாள்.

“என்ன சார் பதில் போடறது?”

“என்ன போடலாம்னு நினைச்சீங்க?”

“வாழ்த்துகள்னு.”

“போடலாம். வேர் அழுகும்போது துணைக்கு இருக்கும்.”

“கிண்டல் பண்ணாதீங்க சார். அடுத்த மாசம் ஆய்வேட்டைக் கொடுக்கணும். செத்ததைச் சொன்னா தேர்வாளர் அதையே பிடிச்சுக்க மாட்டாரா?”

“பிடிச்சுக்கட்டும். ஏன் செத்ததுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். தண்ணி வடியலை.”

“அப்புறம் என்ன பயம்?”



“அந்தப் பொண்ணுக்கு மட்டும் தனியா சொல்லிடட்டுமா?”

“அவங்க கேட்டாங்க. கேட்காம நடப்போறவங்களுக்கு?”

ஜெபநேசன் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினார்.

“பாத்திக்குப் போகப் படகு நிக்குது. வாங்க மேடம்.”

படகில் அவர் பேசவே இல்லை. அவள்தான் வழியெல்லாம் பேசினாள். நாத்தனார் அந்தப் படத்தைச் சொந்தக்காரர் குரூப் எல்லாவற்றிலும் போட்டுவிட்டாளாம். இனி கல்யாண வீட்டில் எந்த முகத்தோடு போய் உட்காருவதாம்.

மேட்டுப் பாத்தி வந்தது. ஜெபநேசன் முழங்கால் சேற்றில் இறங்கி, பலகையை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கினார்.

“சார், அது என் பலகை.”

“தெரியும். பேர் போட்டிருக்கே.”

தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். தாழ்ந்த பாத்தியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கறுத்த குச்சிகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் பலகையை நடுப்பாத்தியில் ஊன்றி, கீழே மிதித்து இறுக்கினார். சேறு தெறித்தது.

மரகதவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“செத்த இடத்துல எதுக்கு சார் பலகை? அங்கே பச்சைப் பசேல்னு நிக்குது. அங்கே இருந்தா நாலு பேர் பார்ப்பாங்க.”

ஜெபநேசன் கையை உதறிக்கொண்டு மேட்டுப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்கே பலகை எதுக்கு மேடம்? அதான் செடியே நிக்குதே.”

மரகதவல்லி அந்தக் குச்சிகளைப் பார்த்தாள். பிறகு தன் பெயர்மேல் தெறித்திருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். இரண்டடி பின்னால் போய்ச் செல்போனை உயர்த்தினாள்.