தாண்டவன் தள்ளிப்போட்ட ஊசி

ஆட்டோ ஓட்டும் தாண்டவனுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். அவள் தும்மினால் இவனுக்கு நெஞ்சு அடைக்கும்.

ஒன்றரை மாதத்தில் போட வேண்டிய கக்குவான் தடுப்பூசியை, நாலு மாதமாகியும் அவன் போடவில்லை. எதிர்வீட்டுப் பையனுக்கு ஊசிக்குப் பிறகு காய்ச்சல் ஏறி வலிப்பு வந்ததை நேரில் பார்த்திருந்தான். பையன் தேறிவிட்டான். தாண்டவன்தான் தேறவில்லை.

இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு கைக்குழந்தை கக்குவான் இருமலில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தது. அவன் மனைவி பவளம் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில், "உங்க சாமிகிட்டயாவது போய்க் கேளுங்க" என்றாள்.

ஏரிக்கரை மடத்து ஈசான சாமிதான் தாண்டவனின் குரு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய் நின்றான்.

"ஊசி போட்டா இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. போட்டுடறேன்."

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் சாமி. "வண்டியை எடு. தெரிஞ்சவங்களைக் கேட்போம்."

சுகாதார நிலையத்தில் சாமியே நர்ஸிடம் கேட்டார்.

"போட்டா என்னம்மா ஆகும்?"

"காய்ச்சல் வரலாம். தொடை வீங்கலாம். ரெண்டு நாள்ல சரியாகிடும். ரொம்ப அபூர்வமா யாருக்காவது ஒத்துக்காமப் போகலாம் சாமி. அதுக்குத்தான் அரை மணி நேரம் இங்கேயே வச்சுப் பார்க்கிறோம்."

"போடலைன்னா?"

"இந்த வயசுல கக்குவான் வந்தா தாங்காது. மூச்சு நின்னுகூடப் போகலாம்."

தாண்டவன் குருவைப் பார்த்தான். "நீங்களே சொல்லிடுங்க சாமி."

"பொண்ணு உன்னோடது தாண்டவா."

வெகுநேரம் அவன் குழந்தையின் பாதத்தையே தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "போட்டுடுங்க சிஸ்டர்" என்றான்.

குழந்தை வீறிட்டது. அழுதபடியே அப்பாவைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. வெளியே போய் நின்றுவிட்டான். அந்த அரை மணி நேரமும் சாமிதான் அவளை மடியில் வைத்திருந்தார். அழுகை ஓய்ந்ததும் அவள் அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள். சாமிக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் விடுவித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, தூக்கமில்லாத கண்களோடு தாண்டவன் மடத்துக்கு வந்தான்.

"காய்ச்சலா?" என்றார் சாமி.

"ஆமா. சிஸ்டர் குடுத்த மருந்தைக் குடுத்தோம். இப்போ இறங்கியிருக்கு. பால் குடிச்சிட்டுத் தூங்கறா."

"அப்புறம் ஏன்டா அழற?"

"சிரிச்சிட்டிருந்த புள்ள சாமி. இந்தக் கையாலதானே தூக்கிட்டுப் போய் நோக வச்சேன்? சும்மா இருந்திருந்தா என் கையில ஒரு பாவமும் ஒட்டியிருக்காது."

சாமி நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துத் தெருவரைக்கும் கக்குவான் வந்த பிறகும் அவளை ஊசி போடாம வச்சிருந்தது, யார் கைடா?"