புற்றைப் பிளந்தவள்

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது, கேளுங்கள். காட்டோரத்து ஊர் ஒன்றில் அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். மூத்தவள் நல்லக்காள். இளையவள் சடைச்சி.

ஆண்டுதோறும் இடி இடித்துப் புதுமழை பெய்ததும் சடைச்சி காட்டுக்குள் போவாள். கூடை நிறையப் புற்றுக்காளானோடு திரும்புவாள். குழம்பு கொதித்தால் தெருவே மணக்கும். முதல் சட்டி நல்லக்காள் வீட்டுக்குத்தான் வரும். அவள் பிள்ளைகள் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, “சித்தி கைப்பக்குவம் உனக்கு வராதும்மா” என்பார்கள். நல்லக்காளுக்குச் சோறு இறங்காது.

ஒரு வருடம் அவளே கிளம்பினாள். முதல் முறை பட்டமரத்தில் ஒட்டியிருந்த காளானைப் பெயர்த்து வந்தாள். ஒரு பொழுது முழுக்க வேகவைத்தும் அது கட்டையாகவே கிடந்தது. இரண்டாம் முறை குடை விரித்த காளான் ஒன்று கிடைத்தது. அதைத் தின்ற புருஷன் வாந்தியெடுத்துச் செத்துப் பிழைத்தான். மூன்றாம் முறை சடைச்சியின் பின்னாலேயே மறைந்து மறைந்து போனாள்.

ஆளுயரக் கறையான் புற்று. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான்கள். சடைச்சி பாதியைப் பறித்தாள், பாதியை விட்டாள், புற்றைத் தொடவே இல்லை.

‘விதை உள்ளேதான் இருக்கும். அது என் கொல்லைக்கு வந்துவிட்டால் ஊர் என் வாசலில் நிற்கும்’ என்று நல்லக்காள் நினைத்தாள். மறுநாள் கடப்பாரையோடு வந்து புற்றைப் பிளந்தாள். உள்ளே தேனடை போல மெத்தென்ற அடைகள். அவற்றில் வெள்ளைப் பொட்டுகள். மேலெல்லாம் கறையான்கள். அத்தனையையும் அள்ளிப்போய்க் கொல்லையில் புதைத்தாள். கறையான்கள் செத்தன. அடைகள் பச்சைப் பூசணம் பூத்து அழுகின.

அடுத்த ஆண்டு மழை பிந்தியது. எந்த வீட்டிலும் தானியம் இல்லை. ஒருவழியாக இடி இடித்தபோது காட்டுக்குப் போன சடைச்சி வெறுங்கூடையோடு வந்து, புற்று உடைந்து கிடப்பதைச் சொன்னாள். புற்றை உடைத்தது யாரென்று ஊர் கூடிக் கேட்டது. காட்டில் மண்ணெடுக்கும் குயவன் மேல் பழி விழுந்தது. அவனை ஊரைவிட்டு விலக்குவதாக ஊர்த்தலைவர் சொல்ல வாயெடுத்தார். குயவன் மனைவி கைக்குழந்தையோடு நின்றதை நல்லக்காள் பார்த்தாள்.

“நான்தான் உடைத்தேன்” என்றாள்.

கூட்டம் குயவனை விட்டுவிட்டுக் கலைந்தது. சடைச்சி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அது விதைத்து வருகிற பயிர் இல்லை அக்கா. வெளியே நாம் பறிப்பது பூ மாதிரி. உடம்பு புற்றுக்குள்ளே இருக்கிறது. கறையான் காய்ந்த இலையும் சுள்ளியும் கொண்டுவந்து கொடுக்கும். காளான் அதை மக்கவைத்துக் கறையானுக்குச் சோறாக்கும். ஒன்றில்லாமல் மற்றது இல்லை. என்னைக் கேட்டிருந்தால் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேனே.”

அன்று இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

அடுத்தவர் வாழ்வைப் பொறாமையால் தோண்டுகிறவர் தம் வீட்டுச் சோற்றையும் சேர்த்தே தோண்டி எறிகிறார்.