ஏரிக்கரையில் போட்ட பந்தல்

ரொம்பக் காலத்துக்கு முன்னே செம்பாறை நாட்டை வல்லபதேவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான். அவனுடைய மந்திரி நக்கண்ணர்.

அந்த வருஷம் பெரிய ஏரிக்குப் புதுக் கரை கட்டினார்கள். ஒப்பந்தம் விட்டவர் பொக்கிஷ அதிகாரி தாண்டவராயர். மற்றவர்கள் முத்திரையிட்டுக் கொடுத்த விலை ஓலைகளை ரகசியமாகப் பிரித்துப் பார்த்து, தன் மைத்துனன் சொக்கப்பனுக்கே வேலை கிடைக்கும்படி செய்துவிட்டார்.

நக்கண்ணர் போய்க் கரையைப் பார்த்தார். ஒரு கல் பெயர்ந்திருந்தது. உள்ளே வெறும் வண்டல் மண். திகைத்துப்போனார்.

சபைக்கு வந்து, "அரசே, இந்தக் கரை நிற்காது. தோண்டிப் பார்க்க உத்தரவிடுங்கள்" என்றார்.

"மந்திரியாருக்கு என்மேல் எப்போதும் பொறாமை" என்று சிரித்தார் தாண்டவராயர்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "நாளைக்குத் திறப்பு விழா. இன்றைக்குத் தோண்டுவதா? நாளைக்குள் நிரூபியும். இல்லாவிட்டால் பதவியை விட்டுவிடும்."

"ஆகட்டும். விழா ஏற்பாட்டை மட்டும் என்னிடம் விடுங்கள்."

மறுநாள் ராஜாவும் தாண்டவராயரும் மேட்டில் ஏறி நின்றார்கள். கரைக்கு அடியிலிருந்த ஊரை ஒட்டி ஒரு பந்தல். அதில் தாண்டவராயரின் மனைவி, மகள், மடியில் பேரன். பக்கத்தில் சொக்கப்பன் குடும்பம்.

"இவர்கள் ஏன் அங்கே?" என்றார் தாண்டவராயர்.

"கரை கட்டிக் கொடுத்தவர்களுக்கு முதல் மரியாதை" என்றார் நக்கண்ணர்.

ஆற்று நீரை ஏரிக்குள் திறக்கச் சொல்லி ராஜா கையைத் தூக்கப்போனான். தாண்டவராயர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அரசே. கரை தாங்காது."

ராஜா கையை இறக்கினான்.

"உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பேரன் உட்கார்ந்ததும் வந்த பயம், அங்கே ஊரே குடியிருக்கிறதே, அப்போது வரவில்லையா?" என்றான் ராஜா.

அன்றைக்கே தாண்டவராயர் பதவி போனது, சிறைக்கும் போனார். சொக்கப்பன் சொத்தை விற்றுக் கரையை மறுபடி கட்டினார்கள். இனி அரசாங்க வேலை எதையும் அவன் எடுக்கக்கூடாது என்று சட்டமானது.

விழா நடந்த அன்றைக்கே ராஜா நக்கண்ணருக்கு முத்து மாலை போட வந்தான்.

"மந்திரியாரே, நேற்று நான் உம்மை நம்பவில்லை. இன்று தாண்டவராயர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், என் கையால்தானே அத்தனை பேரையும் கொன்றிருப்பேன்?"

"இல்லை அரசே. ஆற்று மதகில் நிற்பவன் என் ஆள். நீங்கள் கையைத் தூக்கினாலும் திறந்திருக்க மாட்டான்."