ரசம் வைத்த மேனேஜர்

ஈரோட்டு ஜவுளிக் கம்பெனி ஒன்றில் வரதப்பன் என்று ஒரு மேனேஜர். மனிதருக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். திருப்பூர் கிளையின் கம்ப்யூட்டர்களை ஈரோட்டு சர்வரோடு அன்றைக்கே இணைக்கச் சொல்லிக் குதித்தார்.

"சார், ஃபைல் யாரோடதுன்னு கண்டுபிடிக்க சர்வர் ஆளோட பேரைப் பார்க்காதுங்க, கம்ப்யூட்டர்ல அவருக்குக் குடுத்திருக்கற நம்பரைத்தான் பார்க்கும். ரெண்டு ஊர்லயும் ஒரே நம்பர் வேற வேற ஆளுக்கு இருக்கு. முதல்ல அதை மாத்தோணும்" என்றாள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் ஊழியர் பூங்கோதை.

"நம்பர்ல என்ன இருக்கு? எதையும் மாத்தாதே. சாயங்காலம் முதலாளி வர்றாரு. முடியலைன்னா நாளைக்கு நீ வராதே!"

"சரிங்க சார். திருப்பூர்ல கேன்டீன் நாச்சிமுத்து அண்ணன் முதல் ஃபைலைப் போடட்டுங்க. சமையல்காரரே கம்ப்யூட்டர்ல செய்யறாருன்னா உங்களுக்குத்தான் பெருமை."

வரதப்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

சாயங்காலம் இணைப்பு முடிந்ததும் நாச்சிமுத்து திருப்பூரில் மறுநாள் சமையல் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துச் சேமித்தார். ஈரோட்டில் முதலாளி பார்த்த திரையில் வந்தது: "தக்காளி ரசம், பீன்ஸ் பொரியல். எழுதியவர்: மேனேஜர் வரதப்பன்."

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"அங்கே அண்ணன் நம்பரும் இங்கே சார் நம்பரும் ஒண்ணுதானுங்க. மாத்தாதேன்னு சாரே சொல்லிட்டாரு. சர்வருக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளுங்க."

"அப்ப ஒரு சம்பளம் போதுமே. நாச்சிமுத்து சோறாவது போடறாரு."

வரதப்பனிடம் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஒரே உறுப்பும் அன்றைக்கு நின்றுபோனது.